பழைய லேத்துக்கு டிரைவ்: 28,000 ரூபாயின் வரவு செலவு

வீட்டு லைன்போல ஒற்றை ஃபேஸில் ஓடி, மோட்டாரின் வேகத்தை வேண்டியபடி மாற்றித்தரும் 3 எச்.பி. டிரைவ், பெயர் பெற்ற கம்பெனியுடையது, இன்றைக்கு ஏறக்குறைய 15,000 ரூபாய். அதை வாங்கிவந்து பழைய 2 எச்.பி. லேத் ஒன்றில் முறையாகப் பூட்டி முதல் ஜாப்பைக் கடைந்து இறக்கும்போது கையைவிட்டுப் போயிருக்கும் தொகை சுமார் 28,000 ரூபாய். நடுவில் உள்ள 13,000 ரூபாயைப் பற்றி வாங்கும்போது பேச்சே எழுவதில்லை. பூட்டிய பிறகு ஒவ்வொன்றாகத்தான் அது வெளியே வரும். வரவுப் பக்கமோ நேர்மாறு. ‘கரண்ட் பில் பாதியாகிவிடும்’ என்று எல்லோரும் பேசுகிறார்கள். லேத்தைப் பொறுத்தவரை அது நடக்காது. வருடத்துக்கு 2,000 ரூபாய் மிஞ்சினால் அதிகம். ஆனாலும் பல பட்டறைகளுக்கு டிரைவ் வாங்கத் தகுந்த பொருள்தான். பணம் திரும்பி வருவது மீட்டர் வழியாக அல்ல, வேலை நேரத்தின் வழியாக. அதை வரிவரியாகப் போட்டுப் பார்ப்போம்.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட அளவுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் யூனிட் 8 ரூபாய். லேத் வேலைக்கு மணிக்கு 300 ரூபாய். வருடத்துக்கு 300 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம். பொருள்களின் விலை சந்தையில் கேட்டால் கிடைக்கும் சுமாரான விலை. ஆயிரம் ரூபாய் முன்பின் இருக்கும். உங்கள் பில்லில் உள்ள ரேட்டையும் உங்கள் பட்டறைக் கூலியையும் அந்தந்த இடத்தில் போட்டுக்கொண்டால் கணக்கு உங்களுடையதாகிவிடும்.

எந்த லேத்? திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையிலும், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் சாலையோரப் பட்டறைகளிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஆறடி லேத். ராஜ்கோட்டிலோ பட்டாலாவிலோ வார்த்தது, இல்லையென்றால் கோயம்புத்தூர்ச் சரக்கு. மூன்று படிகள் உள்ள கோன் புல்லி, பேக் கியர், 1440 ஆர்.பி.எம். மோட்டார். பெல்ட்டை நேரடியாகப் போட்டால் ஸ்பிண்டில் 270, 420, 650 சுற்று. பேக் கியர் சேர்த்தால் 42, 65, 100. ஆக மொத்தம் ஆறு வேகம். ஒவ்வொரு மெஷினிலும் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், கணக்கு மாறாது.

இந்தப் பட்டறைகளுக்கு வேலை வருவது ஆற்றை ஒட்டித்தான். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகள் வழியாகத் தண்ணீர் பாயும் நிலம் 86,107 ஏக்கர். ஜூன் வாக்கில் கார் பருவ நெல், அக்டோபர் வாக்கில் பிசானப் பருவ நெல். உழவு தொடங்கும் முன் ரோட்டவேட்டர் புஷ், கேஜ் வீல் ஹப், பம்ப் ஷாஃப்ட், கப்ளிங், டிரெய்லர் பின் என்று வாசலில் குவியும். அந்த வாரங்களில் டர்னருக்குச் சாப்பிட நேரம் இருக்காது. நடவு முடிந்தால் லேத் பாதி நாள் சும்மா நிற்கும். டிரைவ் மிச்சப்படுத்தும் நேரம் எந்த மாதத்தில் பணமாகும், எந்த மாதத்தில் ஆகாது என்பதை இந்த ஏற்றத்தாழ்வுதான் தீர்மானிக்கிறது. கடைசியில் இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கும்.

மாநிலத்துக்கெல்லாம் ஒரே வேகம்

லேத்தில் கோன் புல்லி ஏன் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு டிரைவுக்கு வருவோம். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருகே, இன்றைய விக்கிரமசிங்கபுரத்தில், பஞ்சாலை தொடங்கியது தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பித்தான். அந்தக் கால ஆலைகளில் ஒரே பெரிய ஷாஃப்ட் சுழலும்; எந்த மெஷின் எவ்வளவு வேகமாக ஓடவேண்டும் என்பதை அதற்குப் போட்ட புல்லியின் விட்டம் முடிவு செய்யும். வேகத்தை மாற்றவேண்டுமென்றால் புல்லியை மாற்றவேண்டும். 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. இன்று அதன் திறன் 32 மெகாவாட். ஒவ்வொன்றும் 1.5 கிலோவாட் உள்ள 2 எச்.பி. மோட்டார்களாக எண்ணினால் 21,000-க்கும் மேல் ஓட்டலாம்.

மின்சாரம் வந்தும் புல்லி போகவில்லை. காரணம் 50 ஹெர்ட்ஸ். பாபநாசத்தின் டர்பைனும், கூடங்குளத்தின் தலா 1,000 மெகாவாட் அணு உலைகள் இரண்டும், கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளும் சேர்ந்து ஊட்டுகிற கிரிட்டின் அலைவெண் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் இருக்கவேண்டும் என்பது விதி. நான்கு துருவ மோட்டாரின் வேகம் 120-ஐ 50-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தது: 1500. சுமையில் சற்று வழுக்கி 1440. பட்டறைக்காரர் என்ன செய்தாலும் அந்த 1440 மாறாது. அதனால்தான் கோன் புல்லி, அதனால்தான் பேக் கியர்.

டிரைவ் செய்வது இந்த 50-ஐ உங்கள் கைக்குக் கொண்டுவருவது. வரும் மின்சாரத்தை முதலில் டி.சி. ஆக்கி, அதை நொடிக்குச் சில ஆயிரம் முறை வெட்டி, வேண்டிய ஹெர்ட்ஸில் மூன்று ஃபேஸ் மின்சாரமாகத் திருப்பித் தருகிறது. 25 ஹெர்ட்ஸ் கொடுத்தால் மோட்டார் ஏறக்குறைய 700 சுற்று. ஹெர்ட்ஸைக் குறைக்கும்போது வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும். 230 வோல்ட் டிரைவ் என்றால் ஒரு ஹெர்ட்ஸுக்கு 4.6 வோல்ட். இதனால் மோட்டாரின் திருப்புவிசை குறையாது. ஆனால் திறன் குறையும், இதை மறக்கக் கூடாது. 25 ஹெர்ட்ஸில் 2 எச்.பி. மோட்டார் 1 எச்.பி. மோட்டார்தான். பேக் கியர் போட்டால் வேகம் குறைந்த அளவுக்கு விசை கூடும். டிரைவில் குறைத்தால் விசை அப்படியே இருக்கும், கூடாது. ஆகவே டிரைவ் வந்துவிட்டது என்று பேக் கியரைக் கழற்றிப் போட்டவர், பெரிய விட்டத்தில் ஆழமாக வெட்டு போடும் முதல் நாளே மோட்டார் நிற்பதைப் பார்ப்பார்.

மோட்டாரைத் திறக்கும் செலவு

ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டை உள்ளே கொடுத்தால் டிரைவிலிருந்து 230 வோல்ட்தான் வெளியே வரும், 415 வராது. நம் ஊரில் 2 எச்.பி. வரையுள்ள மூன்று ஃபேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டாரில் கட்டியவை. பெயர்ப்பலகையில் 415 வோல்ட், 3.4 ஆம்பியர் என்று இருக்கும். ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் போவது 415-ஐ 1.732-ஆல் வகுத்தது, அதாவது 240 வோல்ட். அதே காயில்களை டெல்டாவில் மாற்றிக் கட்டி 230 கொடுத்தால் காயிலுக்கு வித்தியாசமே தெரியாது. லைன் ஆம்பியர் மட்டும் 1.732 மடங்கு ஆகி 5.9 வரும். டிரைவில் மோட்டார் ஆம்பியர் என்று பதியவேண்டியது இந்த 5.9, பலகையில் உள்ள 3.4 அல்ல. பழைய எண்ணையே பதிந்தால் டிரைவ் கொஞ்சம் சுமை ஏறியதும் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், பழைய மோட்டார்களின் டெர்மினல் பெட்டியைத் திறந்தால் பல நேரம் மூன்று வயர்தான் இருக்கும். ஸ்டார் முடிச்சு உள்ளே, காயில் தலைப்புக்குள், வார்னிஷில் புதைந்து கிடக்கும். “அண்ணாச்சி, இதுல மூணு வயருதான் வெளிய வந்திருக்கு” என்று எலெக்ட்ரீஷியன் சொன்னால், மோட்டார் காயில் கட்டுபவரிடம் போயாக வேண்டும். அவர் மூடியைக் கழற்றி, முடிச்சைத் தேடிப் பிரித்து, மூன்று தலைப்புகளுக்கும் புது வயர் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, நூலால் கட்டி, வார்னிஷ் பூசிக் காயவைத்து ஆறு வயராகத் தருவார். திறந்ததுதான் திறந்தது, 6205 பேரிங் இரண்டையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். காயில் பழையதாகி இன்சுலேஷன் உதிர்கிறதென்றால் புதிதாகக் கட்ட இன்னும் 2,500 ரூபாய். 500 வோல்ட் மெக்கரில் 1 மெகா ஓம் கூடக் காட்டாத மோட்டாரை டிரைவில் மாட்டவே கூடாது.

மூன்று ஃபேஸ் சர்வீஸ் ஏற்கெனவே இருப்பவர் 415 வோல்ட் டிரைவ் வாங்கினால் மோட்டாரைத் திறக்க வேண்டாமே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அங்கே டிரைவுக்குள் டி.சி. வோல்ட் 415 பெருக்கல் 1.414, அதாவது 587. வெட்டி வெட்டி அனுப்பும்போது கேபிள் நீளமாக இருந்தால் மோட்டார் முனையில் அதன் இரண்டு மடங்கு வரை, 1,100 வோல்ட்டைத் தாண்டி, நொடிப்பொழுதுக்கு எகிறும். 230 வோல்ட் டிரைவில் டி.சி. 325, எகிறினாலும் 650. முப்பது வருடத்துப் பழைய காயிலுக்கு இது எவ்வளவோ மேல். அதனால், மூன்று ஃபேஸ் இருக்கும் பட்டறையிலும் பழைய மோட்டாருக்கு 230 வோல்ட் டிரைவைத்தான் நான் சொல்வேன். புது மோட்டார் என்றால் 415 போதும்.

செலவுப் பக்கம்

டிரைவ், 3 எச்.பி., ஒற்றை ஃபேஸ் உள்ளீடு: ரூ.15,000
தகர பேனல் பெட்டி, விசிறி, தூசி வடிகட்டி: ரூ.2,200
இரண்டு துருவ எம்.சி.பி. 25 ஆம்பியர், 4 சதுர மி.மீ. வயர், விளக்கு: ரூ.700
மோட்டார் திறப்பு, ஆறு வயர், பேரிங்: ரூ.1,500
வலைக்கவசம் உள்ள நான்கு கோர் கேபிள், 4 மீட்டர்: ரூ.800
வேகம் மாற்றும் குமிழ், புஷ் பட்டன்கள், எமர்ஜென்சி ஸ்டாப்: ரூ.1,300
மோட்டாருக்குத் தனி விசிறி: ரூ.1,000
எர்த் கம்பி, குழி, வயர்: ரூ.1,200
சோக், ஃபில்டர்: ரூ.1,800
மாட்டும் கூலி, செட்டிங்: ரூ.2,500
கூட்டுத்தொகை: ரூ.28,000

இதில் டிரைவின் பங்கு 54 சதவீதம். மீதி 46 சதவீதத்தில் எதைக் குறைத்தாலும் அது பின்னால் டிரைவையே காவு வாங்கும். இரண்டு வரிகளை மட்டும் விளக்குகிறேன்.

2 எச்.பி. மோட்டாருக்கு 3 எச்.பி. டிரைவ் எதற்கு? பாளையங்கோட்டையில் கத்திரி வெயிலில் 38, 40 டிகிரி சாதாரணம். தகரக் கூரைப் பட்டறைக்குள் அதைவிடக் கூடுதல். மூடிய பேனலுக்குள் இன்னும் 8 முதல் 10 டிகிரி ஏறும். பல டிரைவ்கள் தங்கள் முழு ஆம்பியரைத் தருவது 40 டிகிரி வரைதான். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளவேண்டும். ஒரு அளவு பெரிதாக வாங்க ஆகும் கூடுதல் 2,000, 3,000 ரூபாய் நம் வெயிலுக்குக் கட்டும் தொகை. பேனலைத் திறந்து வைத்தால் சூடு குறையுமே என்று நினைக்கவே கூடாது. வார்ப்பிரும்புத் தூள் மின்சாரம் கடத்தும். டிரைவின் விசிறி அதை உறிஞ்சி சர்க்யூட்டின் மேலேயே படியவைக்கும்.

அடுத்தது மோட்டாருக்குத் தனி விசிறி. மோட்டாரின் பின்னால் உள்ள விசிறி அதே ஷாஃப்ட்டில் இருப்பது. 20 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதுவும் இரண்டில் ஒரு பங்குக்கும் குறைவான வேகத்தில்தான் சுழலும். ஆம்பியர் குறையாது, காற்று மட்டும் குறையும். பேக் கியரில் அரை மணி நேரம் மெதுவாகக் கடைந்தால் மோட்டார் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போய்விடும். 1,000 ரூபாய் விசிறி, 2,500 ரூபாய் காயிலைக் காப்பாற்றுகிறது.

கரண்ட் பில்

லேத் எதையும் கடையாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று டாங் டெஸ்டரைப் பிடித்துப் பார்ப்பவர் 2 ஆம்பியர் என்று படிப்பார். 415-ஐயும் 1.732-ஐயும் 2-ஐயும் பெருக்கினால் 1,437 வரும். ஒன்றரைக் கிலோவாட் வீணாகிறது என்று பதறுவார். சுமையில்லாத மோட்டாரில் பவர் ஃபேக்டர் கால் பங்குதான். உண்மையில் செலவாவது 350 வாட் அளவு. இதைச் சரிபார்க்க மீட்டரே போதும். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 1,600 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு லேத்தை மட்டும் சும்மா ஓடவிட்டுச் சிவப்பு விளக்கை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 9 முறை மின்னினால் 350 வாட்.

எட்டு மணி நேரத்தில் உண்மையாகச் சீவுவது 3.5 மணி. மீதி 4.5 மணி அளப்பது, ஜாப் மாட்டுவது, டூல் தீட்டுவது. பழைய பழக்கத்தில் அந்த நேரத்திலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஏனென்றால் நேரடி ஸ்டார்ட்டில் மோட்டார் ஆறு மடங்கு ஆம்பியர், அதாவது 20 ஆம்பியர், உதைத்து இழுக்கும். அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் பெல்ட்டும் ஸ்டார்ட்டரும் தேயும். டிரைவ் மூன்று நான்கு நொடி எடுத்து மெதுவாகக் கிளப்புவதால் பயமில்லாமல் நிறுத்தலாம். 4.5 மணியில் 3 மணி நிறுத்தினால் 1.05 யூனிட் மிச்சம். டிரைவ் தன் பங்குக்கு 4 சதவீதம் விழுங்கும்: 0.11 யூனிட். விழித்திருக்க மட்டும் 15 வாட். எட்டு மணிக்கு 0.12. நிகரம் நாளுக்கு 0.82 யூனிட், வருடத்துக்கு 246 யூனிட், 1,968 ரூபாய். ராத்திரி எம்.சி.பி.யை இறக்காமல் போனால் அந்த 15 வாட், 16 மணி நேரம், 300 நாள் என்று 72 யூனிட் குடித்துவிடும். 576 ரூபாய் போச்சு.

28,000 ரூபாயை 1,968-ஆல் வகுத்தால் 14 வருடம். டிரைவுக்குள் இருக்கும் கெபாசிட்டர் நம் சூட்டில் 8, 10 வருடம் உழைத்தால் நல்லது. ஆக, கரண்ட் பில்லுக்காக லேத்தில் டிரைவ் மாட்டுவது நஷ்டம்.

‘பாதியாகும்’ என்ற பேச்சு முழுப் பொய்யும் அல்ல. அது விசிறிக்கும் பம்புக்கும் உரியது. காற்றையோ தண்ணீரையோ தள்ளும் மெஷினில் வேகத்தின் மும்மடிப் பெருக்கப்படி திறன் போகும். 80 சதவீத வேகத்தில் 51 சதவீதத் திறன் போதும். அரிசி ஆலையில் உமி ஊதும் 7.5 எச்.பி. புளோயரை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டியை அடைத்துக் காற்றைக் குறைத்தால் 5.6 கிலோவாட், 5 ஆகக் குறையும். டிரைவில் வேகத்தைக் குறைத்தால் இழப்பும் சேர்த்து 3. மணிக்கு 2 யூனிட், நாளுக்கு 8 மணி, வருடத்துக்கு 200 நாள்: 3,200 யூனிட், 25,600 ரூபாய். ஆலை வைத்திருப்பவர் யோசிக்கவே வேண்டாம். லேத்தில் சுமையைத் தீர்மானிப்பது டூலும் இரும்பும். அங்கே மும்மடி விதிக்கு இடமில்லை.

வேலை நேரம்

இனி உண்மையான வரவு. பம்ப் கப்ளிங் ஒன்றுக்கு 200 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு ஃபிளாஞ்சை ஃபேசிங் செய்யவேண்டும். நடுவில் 50 மி.மீ. துளை. சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீட். டூல் ஓரத்திலிருந்து துளை வரை 75 மி.மீ. நகர 375 சுற்று வேண்டும்.

பேக் கியரில் 42 சுற்று போட்டால் ஓரத்தில் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 26 மீட்டர். ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கு அதுதான் சரி. ஆனால் டூல் உள்ளே போகப்போக விட்டம் சுருங்கும். துளையருகே வெட்டு வேகம் 6.6 மீட்டர். மெஷின் பாட்டுக்கு அதே 42-ல் உருண்டுகொண்டிருக்கும். மொத்த நேரம் 8.9 நிமிடம். உள்பக்கம் முகமும் சொரசொரவென்று இருக்கும்.

டிரைவில் பெல்ட்டை 100 சுற்றுப் படியில் போட்டு 21 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். அப்போது ஸ்பிண்டில் 42. டூல் உள்ளே நகர நகர இடது கையால் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வெட்டு வேகத்தை 26 மீட்டரிலேயே பிடித்து வைக்கலாம். விட்டம் 70 மி.மீ.க்கு வரும்போது 60 ஹெர்ட்ஸ், 120 சுற்று. அதற்கு மேல் ஏற்றாமல் கடைசி 10 மி.மீ.யையும் முடித்தால் 5.6 நிமிடம். ஒரு ஓட்டத்தில் 3.3 நிமிடம் மிச்சம். முகமும் ஓரத்திலிருந்து துளை வரை ஒரே பளபளப்பு. 21 ஹெர்ட்ஸில் மோட்டாருக்குக் கிடைப்பது 0.63 கிலோவாட் மட்டும், 1.5 மி.மீ. ஆழ வெட்டுக்கு வேண்டியது 0.35. தாங்கும். ஆழத்தை 3 மி.மீ. ஆக்கினால் தாங்காது, அப்போது பெல்ட்டைக் கீழ்ப்படிக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஒரு ஃபிளாஞ்சுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு ரஃப் ஒன்று ஃபினிஷ் ஒன்று: நான்கு ஓட்டம், 13 நிமிடம். அடுத்தது பெல்ட் மாற்றும் நேரம். நிறுத்தி, தளர்த்தி, மாற்றி, இறுக்க மூன்று நிமிடம். நாளுக்கு ஆறு முறை மாற்றவேண்டிய இடத்தில் இரண்டு முறை போதுமென்றால் 12 நிமிடம். உண்மையில் ஆறு முறையும் யாரும் மாற்றுவதில்லை. “பெல்ட்ட மாத்தி என்னத்துக்கு அண்ணாச்சி, இதுலயே ஓட்டிருவோம்” என்று தப்பான வேகத்திலேயே ஓட்டுவார்கள். நேரமும் டூல் முனையும் போகும். இரண்டையும் கூட்டினால் 25 நிமிடம். தினமும் பெரிய ஃபிளாஞ்ச் வராது என்பதால் 20 என்று வைக்கிறேன். 300 நாளுக்கு 100 மணி நேரம். மணிக்கு 300 ரூபாய் வீதம் 30,000.

திரெட் வெட்டும்போது கிடைக்கும் லாபத்தை நான் எண்ணில் சேர்க்கவில்லை. தோள் வரை திரெட் போகவேண்டிய ஷாஃப்டில், கடைசிச் சுற்றுகளில் வேகத்தைத் தணித்து டூலை வெளியே எடுக்க முடிவது டர்னருக்குப் பெரிய நிம்மதி. கெட்டுப்போகும் ஒரு ஷாஃப்டின் விலை ஜாப்புக்கு ஜாப் மாறும்.

ஆபத்துகள்

பழைய லேத்துகளில் சக் ஸ்பிண்டில் மூக்கில் திரெட்டில் முறுக்கி ஏற்றியது. டிரைவில் நிறுத்தும் நேரத்தை ஒரு நொடி என்று வைத்தால், ஸ்பிண்டில் நின்றுவிடும். இரும்புச் சக்கின் வேகம் நிற்காது. அது தானாகக் கழன்று பெட்டின் மேல் விழும், அல்லது டர்னர் மேல். நிறுத்தும் நேரம் 6 முதல் 8 நொடி இருக்கவேண்டும். ரிவர்ஸ் பட்டன் திரெட் சக்குள்ள லேத்தில் இல்லாமலிருப்பதே நல்லது. அவசியமென்றால் முழுதாக நின்ற பின்புதான்.

மின்தடை முடிந்து கரண்ட் வரும்போது லேத் தானாக ஓடக் கூடாது. பழைய ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் இதைப் பார்த்துக்கொண்டது. டிரைவைத் திருகு சுவிட்சில் ஓட்டினால், சுவிட்ச் ‘ஆன்’ நிலையிலேயே இருக்க, கரண்ட் வந்ததும் கிளம்பிவிடலாம்; அந்த நேரம் டர்னர் சக் சாவியை மாட்டிக்கொண்டிருப்பார். புஷ் பட்டன் மூன்று வயர் முறையில் இணைத்து, தானே மறுபடி கிளம்பும் செட்டிங்கை அணைத்து வைக்கவேண்டும். மாட்டி முடித்ததும் ஓடும்போதே எம்.சி.பி.யை இறக்கி ஏற்றிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவருக்கு 2,500 ரூபாய் கூலி கொடுக்கவேண்டாம்.

மோட்டாருக்குக் குறுக்கே பவர் ஃபேக்டருக்காக மாட்டிய கெபாசிட்டர் இருந்தால் கழற்றிவிட வேண்டும். டிரைவின் வெளிப்பக்கத்தில் அது இருந்தால் டிரைவ் எரியும். லேத் பெட்டில் இருக்கும் பழைய ஃபார்வர்டு ரிவர்ஸ் டிரம் சுவிட்சையும் மோட்டாருக்கும் டிரைவுக்கும் நடுவில் விட்டுவைக்கக் கூடாது. கிராமத்து லைனில் சாயங்காலம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் 50 ஹெர்ட்ஸில் மோட்டாரின் உச்ச விசை கால் பங்கு குறையும். அந்த நேரத்தில் 40 ஹெர்ட்ஸுக்கு மேல் கனத்த வெட்டு போடாமலிருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை இடிக்கு 1,500 ரூபாயில் ஒரு சர்ஜ் அரெஸ்டர் சேர்த்தால் நல்ல காவல்.

நிகரம்

மிச்சமாகும் 100 மணி நேரமும் பணமாகாது. காருக்கும் பிசானத்துக்கும் முந்திய வாரங்களில் காத்திருக்கும் ஜாப் அந்த நேரத்தை நிரப்பும். மற்ற மாதங்களில் நிரப்பாது. பாதி என்று வைத்தால் 15,000 ரூபாய். கரண்டில் 2,000. வருட வரவு 17,000. போட்ட 28,000 திரும்ப 20 மாதம். முக்கால்வாசி நிரம்பினால் 14 மாதம். பத்து மணி நேரம்கூட நிரம்பாத பட்டறையில் வருடம் 5,000-தான் வரும். போட்ட காசு திரும்புவதற்குள் டிரைவின் ஆயுளில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். வாசலில் ஜாப் காத்திருக்கும் பட்டறை வாங்கலாம். ஜாப்புக்காகப் பட்டறை காத்திருந்தால், அந்த 28,000-ஐ நல்ல நான்கு தாடைச் சக்கிலும் கார்பைடு டூலிலும் போடுவது மேல்.

மூன்று ஃபேஸ் சர்வீஸே கிடைக்காத இடத்தில் இருப்பவர் கணக்கு வேறு. அவருக்கு மாற்று, 10,000 ரூபாய் ஒற்றை ஃபேஸ் மோட்டார். அதைக் கழித்தால் டிரைவுக்காக அவர் கூடுதலாகப் போடுவது 18,000. 13 மாதத்தில் திரும்பிவிடும். தொழிலுக்குரிய சர்வீஸ், உரிய டாரிஃப் இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

டிரைவ் மாட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். டெல்டாவில் மாற்றிய மோட்டாரை என்றைக்காவது டிரைவ் கெட்டுப்போன அவசரத்தில் பழைய ஸ்டார்ட்டரில் 415 வோல்ட்டுக்கு மாட்டினால், 240 வோல்ட்டுக்கான காயிலில் 415 பாயும். சில நிமிடத்தில் புகை வரும். லேத்துகள் கைமாறுகின்றன, டர்னர்கள் மாறுகிறார்கள், மாற்றிக் கட்டியது யாருக்கும் நினைவிருக்காது. டெர்மினல் மூடியின் வெளியிலும் உள்ளிலும் ‘டெல்டா, 230 வோல்ட் மட்டும்’ என்று மஞ்சள் பெயின்டில் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள்.